முட்டை வாத்தியாரும் நூற்று இருபத்தொன்பது நட்டுகளும்

துடியலூரிலிருந்து பொள்ளாச்சி வரைக்கும் மரை கழன்ற ஆட்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். முப்பத்தைந்து வருஷமாக மரை வெட்டுவதையே தொழிலாக வைத்திருப்பவன் சொல்கிறேன், நம்பலாம். முட்டை வாத்தியாரைப் போல முழுசாக, சுத்தமாக, ஒரு சுற்றுகூட மிச்சமில்லாமல் மரை கழன்ற மனிதர் இந்தக் கொங்கு நாட்டில் இன்னொருவர் பிறக்கவில்லை. பிறந்தாலும் அவருக்கு மாடி அறையை வாடகைக்கு விட என்னை மாதிரி ஒருத்தன் கிடைக்கமாட்டான்.

என்னைப் பற்றி நாலு வரி சொல்லிவிடுகிறேன். பெருமைக்காக அல்ல. சொல்லும்போது பெருமை தானாக வந்து ஒட்டிக்கொண்டால் அதற்கு நான் பொறுப்பில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் பிரிந்துவிட்டோம். யாரோ ஒருவருடைய லேத் பட்டறையில் இரும்புச் சுருள் கூட்டிப் பெருக்கத் தொடங்கியவன், தொண்ணூறுகளில் துடியலூரில் சொந்தப் பட்டறை, இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மிஷின், மேலே ஓட்டு அறை ஒன்று என்று நின்றேன். இங்கிலீஷ் எழுத்து எனக்கு எறும்பு ஊர்வது மாதிரிதான் தெரியும். ஆனால் எண்கள் அப்படியல்ல. எந்த எண்ணாக இருந்தாலும் என்னைக் கண்டால் வாலாட்டும்.

அந்தப் பட்டறைக்கு ஒரு மத்தியானம் ஒல்லியாக ஒருவர் வந்தார். சட்டைப் பையில் நாலு பேனா, காலில் வேறு வேறு ஜோடிச் செருப்பு.

"ஏனுங்ணா, கால் இஞ்சு நட்டு கெடைக்குங்களா?"

"கெடைக்குங்க. எத்தனை குரோஸ் வேணும்?"

"நூத்தி இருவத்தொம்பது நட்டுங்க."

குரோஸ் என்றால் நூற்று நாற்பத்து நான்கு. நட்டு, போல்ட், வாஷர் எல்லாம் எங்கள் உலகத்தில் அந்தக் கணக்கில்தான் நடமாடும். நூற்று இருபத்தொன்பது என்று கேட்டவரை நான் அதுவரை கண்டதில்லை.

"ஒரு குரோஸா எடுத்துக்குங்க. மிச்சம் பதனஞ்சு எதுக்காச்சும் ஆகும்."

"ஆகாதுங்ணா. முட்டைக்குள்ள அதுக்கு எடமில்லீங்க."

கையிலிருந்த, அளவெடுக்கும் காலிப்பரைக் கீழே வைத்துவிட்டேன். அன்றைக்கே அவருக்கு 'முட்டை வாத்தியார்' என்று பெயர் விழுந்தது. சொந்த ஊர் கொடுமுடி. ஒரு கல்லூரியில் தற்காலிக வாத்தியார். கோழி முட்டையின் வெள்ளைக்கருவில் இருக்கும் லைசோசைம் என்ற ஒரு புரதத்தை வைத்து டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். இதில் வேடிக்கை, மனிதர் முட்டையை வாயில் வைக்கமாட்டார். என் மனைவி சரசு ஒரு தடவை ஆம்லெட் போட்டுக் கொடுத்தபோது, சொந்தக்காரரைத் தட்டில் வைத்துக் கொடுத்த மாதிரி பின்வாங்கினார்.

மாடி அறை காலியாக இருந்தது. நட்டு வாங்க வந்தவர் அறையையும் எடுத்துக்கொண்டார்.

அவருடைய ஆராய்ச்சியை நான் புரிந்துகொண்ட அளவுக்கு அந்தக் கல்லூரியில்கூட யாரும் புரிந்துகொண்டிருக்கமாட்டார்கள். புரதம் என்பது ஒரு நீளமான சங்கிலி. அதன் ஒவ்வொரு கண்ணியும் ஒரு அமினோ அமிலம். இந்த முட்டைப் புரதத்தில் மொத்தம் நூற்று இருபத்தொன்பது கண்ணி. சங்கிலி நேராகக் கிடக்காது. சுருண்டு, மடங்கி, பந்து மாதிரி ஆகிவிடும். அப்படி மடங்கும்போது எந்தக் கண்ணி எந்தக் கண்ணியைத் தொடுகிறது என்பதுதான் வாத்தியாரின் கேள்வி.

"பக்கத்துல நிக்கறவன் தொடறதுல அதிசயமில்லீங்ணா. வரிசைல எங்கியோ நிக்கறவன் வந்து தொடறானில்ல, அதுதான் சங்கதி. இதுல ஆறாம் நம்பரும் நூத்தி இருவத்தேழாம் நம்பரும் கையைக் கோத்துட்டு நிக்குதுங்க."

"அத்தனை தூரத்துல இருந்தா?"

"வரிசைலதாங்க தூரம். மடங்கினா பக்கம்."

இந்தத் தொடுகைப் பைத்தியம் முட்டையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. காந்திபுரத்திலிருந்து துடியலூர் வரும் டவுன் பஸ்ஸிலும் அதே வேலை. ஏறுகிறவர்களுக்கு ஏறின வரிசையில் நம்பர் போடுவார். பிறகு யார் யார்மேல் சாய்ந்திருக்கிறார் என்று நோட்டில் குறிப்பார். ஒரு நாள் மீசைக்காரர் ஒருவர் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டார்.

"ஏப்பா, என்னையே பாத்துப் பாத்து என்னத்த எழுதறே?"

"நீங்க பதினாலுங்க. உங்கமேல நாப்பத்தொண்ணு சாஞ்சிருக்குது."

"சாஞ்சா உனக்கென்ன?"

"ஒண்ணுமில்லீங்க. நாப்பத்தொண்ணு இதுக்கு முன்னால எட்டையும் தொட்டுச்சு, இருவதையும் தொட்டுச்சு. எங்கியுமே நிலையா நிக்க மாட்டீங்குது. அதான் என்ன சாமான்னு தெரீல."

மீசைக்காரர் சட்டைப் பையைத் தடவினார். பர்ஸ் இல்லை. எட்டும் தடவியது, இருபதும் தடவியது. நாற்பத்தொன்றைப் பஸ்ஸே சேர்ந்து பிடித்தது. அன்றிலிருந்து அந்தக் கண்டக்டர் வாத்தியாரைக் கண்டால் ஜன்னலோர சீட்டைத் துடைத்துக் கொடுப்பார். வாத்தியாருக்கு மட்டும் வருத்தம். "நாப்பத்தொண்ணை எறக்கி உட்டதுல மொத்தக் கணக்கும் கலைஞ்சு போச்சுங்ணா" என்றார்.

பட்டறையிலும் எங்களை விடவில்லை. வந்து சேர்ந்த வரிசைப்படி நம்பர். நான் ஒன்று. பேக்கிங் பார்த்துக்கொண்ட சரசு இரண்டு. டர்னர் ரங்கன் மூன்று. வெல்டர் பழனி நான்கு. அப்புறம் நாலு ஆட்கள். கடைசியாக வந்த அவர் ஒன்பது. மத்தியானம் சோறு தின்ன உட்காரும்போது யார் யாருக்குப் பக்கம் என்று பார்த்துக்கொண்டே இருப்பார்.

"ஏனுங்ணா, மூணும் நாலும் வரிசைல பக்கத்துப் பக்கம். ஆனா ஒருக்காகூடத் தொட மாட்டீங்குதுங்க."

தொடாது. ரங்கனும் பழனியும் பேசி மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஒரு கல்யாணத்தில் ரங்கன் பிடித்து வைத்த பந்தி இடத்தில் பழனி உட்கார்ந்துவிட்டானாம். அவ்வளவுதான். எதாவது சொல்ல வேண்டுமென்றால் என் வழியாகத்தான் சொல்வார்கள். மூன்று வருஷம் நான் முதலாளியாக இருந்ததைவிட டெலிபோனாக இருந்ததுதான் அதிகம்.

சரி, நட்டு விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் புரதத்தைக் கையால் தொட்டுப் பார்க்கிற அளவுக்குப் பெரிதாக்கிச் செய்ய வேண்டும் என்றார் வாத்தியார். ஆங்ஸ்ட்ராம் என்று அணுவை அளக்க ஒரு குட்டி அளவு இருக்கிறதாம். அந்த ஒரு ஆங்ஸ்ட்ராமுக்கு ஒரு சென்டிமீட்டர் என்று கணக்கு வைத்தோம். வளைகிற அலுமினியக் கம்பி பதினாறடி. அதில் மூன்று புள்ளி எட்டு சென்டிமீட்டருக்கு ஒன்றாக நட்டுகளைக் கோத்துப் பசை வைத்து இறுக்கினேன். வாத்தியார் ஒவ்வொரு நட்டிலும் நம்பர் எழுதினார். முதல் நட்டில் நான் அரத்தால் ஒரு கீறல் போட்டேன். தொடக்கம் எது என்று தெரியாத ஜாப்பை நான் வெளியே விடுவதில்லை.

எந்த நட்டு எந்த இடத்தில், எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்பது ஒரு கம்ப்யூட்டர் தாளில் இருந்தது. இரண்டு ஓரமும் ஓட்டை ஓட்டையாக, மடித்து மடித்து வரும் நீளத் தாள். வாத்தியார் எண்ணைப் படிப்பார். ரங்கன் கம்பியைப் பிடிப்பான். நான் உயரம் அளக்கும் ஹைட் கேஜை வைத்து நட்டை அந்த இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துவேன். மூன்று மாதச் சாயங்காலங்கள். முடிந்தபோது மேஜைமேல் பலாப்பழம் அளவுக்கு ஒரு சிக்கல் உட்கார்ந்திருந்தது. நான் சுற்றிவந்து பார்த்துவிட்டுச் சொன்னேன்:

"வாத்தியாரே, இதுல சுருள் சுருளா வருதே, அத்தனையும் வலது மரைங்க. வலப்பக்கம் திருப்பினா உள்ள எறங்கற மரை."

வாத்தியார் என்னையே பார்த்தார். "ஏனுங்ணா, எங்க பசங்களுக்கு இதைப் புரிய வெக்க ஒரு வருசம் ஆகுதுங்க."

"உங்க பசங்களை லேத்துல நிறுத்துங்க. ஒரே நாள்ல புரியும்" என்றேன். பொய்யா?

அதற்கப்புறம் தொடங்கியது அசல் பைத்தியம். எட்டு சென்டிமீட்டருக்குள் இரண்டு நட்டு வந்தால் அது தொடுகை. அளக்க ஒரு பித்தளைக் கேஜ் கடைந்து கொடுத்தேன். "இது எதுக்குங்க, என்ற நாலு விரலைச் சேத்து வெச்சாச் சரியா எட்டு சென்டிமீட்டர்" என்று காட்டவும் காட்டினேன். அளந்து பார்த்தார், சரியாகவே இருந்தது. கல்லூரிக் கம்ப்யூட்டர் இந்தக் கணக்கை நொடியில் போட்டுவிடும். ஆனால் அதன் முன்னால் உட்கார அவருக்கு வாரத்தில் ஒரு மணி நேரம்தான், அதுவும் செருப்பை வெளியே விட்டுவிட்டு. அதனால் கையாலேயே அளந்தார். நூற்று இருபத்தொன்பதில் ஒன்றோடு ஒன்றாக ஜோடி போட்டால் எட்டாயிரத்து இருநூற்று ஐம்பத்தாறு ஜோடி. அத்தனைக்கும் கேஜை வைத்துப் பார்த்தார். தொட்டால் கட்டம் போட்ட நோட்டில் ஒரு புள்ளி.

சரசு அந்த நோட்டைப் பார்த்துவிட்டு, "தம்பி, நெம்ப நல்லா இருக்குது. மார்கழிக்கு வாசல்ல போடலாமாட்ட இருக்குது" என்றாள்.

"போடுங்கக்கா. ஆனா ஒரு புள்ளிகூட மாறக்கூடாதுங்க. எது எதைத் தொடுதுங்கற இந்தப் புள்ளி மட்டும் இருந்தாப் போதும், மொத்த உருவத்தையும் திருப்பிக் கொண்டாந்தர்லாம். என்ற ஆராய்ச்சியே அதுதானுங்க."

இதை அவர் சொன்னபோது பட்டறையில் எல்லோரும் சிரித்தோம். நான் கொஞ்சம் சத்தமாகவே சிரித்தேன்.

புரட்டாசியில் ஒரு நாள் வாத்தியார் கீழே வந்து, சொல்லத் தயங்கி நின்றார். பட்டத்துக்குப் பதிவு செய்து, கொடுத்த வருஷமெல்லாம் கடந்து, நீட்டித்த தவணையும் முடிகிறதாம். விஜயதசமிக்கு மறுநாள் காலை பத்து மணிக்கு வாய்மொழித் தேர்வு. வெளியூரிலிருந்து தேர்வாளர் வருகிறார். அந்த மாடலைக் கையோடு கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். தேறினால் டாக்டர். தேறாவிட்டால் பட்டம் இல்லை. பட்டம் இல்லாவிட்டால் அந்தத் தற்காலிக வேலையும் இல்லை.

"அம்மாவைப் பாத்து ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு வாரனுங்ணா. மாடலைக் கொஞ்சம் பாத்துக்குங்க" என்று கொடுமுடிக்குப் போனார்.

பார்த்துக்கொண்டேன். எப்படி என்பதைத்தான் இனிமேல் சொல்லப்போகிறேன்.

எங்கள் பட்டறையில் ஆயுத பூஜை என்றால் சாதாரணம் இல்லை. வருஷம் பூரா எண்ணெயில் ஊறிக் கிடந்த இடத்தைச் சோறு போட்டுத் தின்கிற அளவுக்குக் கழுவுவோம். லேத்திலிருந்து ஸ்பேனர் வரை எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் சாயங்காலம் மறுபூஜை முடியும்வரை யாரும் தொடக்கூடாது. ஒரு வருஷம் அன்றைக்குப் பார்த்து என் சைக்கிள் செயின் கழன்றது. ஸ்குரூ டிரைவர் கண்ணெதிரே இருந்தும் தொடாமல் வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டே போனேன். அவ்வளவு கட்டுப்பாடு.

அன்று காலையில் நான் கடைவீதிக்குக் கிளம்பும்போது, "பட்டறைல கோணலா ஒரு சாமான்கூட இருக்கப்படாது" என்று சொல்லிவிட்டுப் போனேன். வருஷா வருஷம் சொல்வதுதான்.

பழனி அந்த வருஷம் பொள்ளாச்சியில் ஒரு கயிறு ஆலையில் வெல்டிங் வேலைக்காக ஏழெட்டு மாதம் போயிருந்து, முந்தின வாரம்தான் திரும்பியிருந்தான். மாடல் செய்ததே அவனுக்குத் தெரியாது. மேஜையில் சாக்குத் துணியைத் தூக்கினான். உலகத்திலேயே கோணலான சாமான் ஒன்று அங்கே இருந்தது. முதலாளி சொல் தட்டாதவன். உட்கார்ந்து நிதானமாக நிமிர்த்தினான். ஒரு முனையைக் கம்பத்தில் கட்டி, இழுத்து, தட்டி, பதினாறடியும் நூல் பிடித்த மாதிரி நேராக்கினான். அதோடு விட்டானா? வெள்ளி பெயின்ட் அடித்தான். காய்ந்ததும் ஒவ்வொரு நட்டுக்கும் சந்தனப் பொட்டு வைத்து, லேத்துக்கு மேலே மாவிலைத் தோரணத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டான்.

நான் வந்து பார்த்தேன். சந்தனப் பொட்டோடு நூற்று இருபத்தொன்பது நட்டும் வரிசையாகப் பளபளவென்று தொங்கின. வேலை சுத்தமான வேலை, அதை மறுக்க முடியாது.

ரங்கன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான்.

"ஏன்டா, உனக்குத் தெரியுமில்ல? நீயும் சேந்துதான செஞ்சே?"

"தெரியுங் மொதலாளி."

"அவன் நிமித்தறப்போ நீ எங்க போனே?"

"இங்கதான் நின்னுட்டு இருந்தனுங்க. ஒரு மணி நேரமாப் பாத்துட்டேதான் இருந்தேன்."

"சொல்றதுக்கென்ன?"

"நாந்தான் அவங்கூடப் பேசறதில்லீங்களே மொதலாளி."

சரி, கம்ப்யூட்டர் தாள் இருக்கிறது, அதைப் பார்த்துத் திரும்பச் செய்துவிடலாம் என்று அலமாரியைத் திறந்தேன். காலி. சரசு ஆட்களுக்கும் தெருப் பிள்ளைகளுக்கும் பொரிகடலை மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஓரமெல்லாம் ஓட்டை ஓட்டையாக இருந்த தாளில்.

"ஓட்டைப் பேப்பர்தானேன்னு நெனச்சனுங்க" என்றாள்.

ஓடிப்போய்த் தெருவில் நாலு தாள் மீட்டோம். இரண்டில் வெல்லம். ஒன்றை ஏதோ கன்றுக்குட்டி பாதி தின்றிருந்தது. அந்த எண்களின் இன்னொரு பிரதி கல்லூரியில் பூட்டின அறைக்குள். கல்லூரிக்கு இரண்டு நாள் லீவு.

மத்தியானம் மூன்று மணிக்கு வாத்தியார் கொடுமுடியிலிருந்து வந்து இறங்கினார். தோரணத்தைப் பார்த்தார். ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடந்துவிட்டு, ஒரு தகர டப்பாவின்மேல் உட்கார்ந்தார்.

"முட்டையை அவிச்சுப்போட்டீங்களே, அண்ணா" என்றார். அவ்வளவுதான். அவர் கத்தியிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

சரசுதான் மெதுவாகக் கேட்டாள். "அவிச்ச முட்டையை மறுக்காப் பச்சை முட்டையாக்க முடியாதுங்களா, தம்பி?"

"முட்டையை முடியாதுங்கக்கா. சூட்டுல மடிப்பெல்லாம் பிரிஞ்சு ஒண்ணோடொண்ணு சிக்கிக்கும். ஆனா இந்தப் புரதத்தை மட்டும் தனியா எடுத்துப் பதமாப் பிரிச்சு உட்டா, அதுவே திரும்ப மடங்கிக்கும்."

எல்லோரும் தோரணத்தை நிமிர்ந்து பார்த்தோம். கொஞ்ச நேரம் காத்திருந்தோம்கூட. அலுமினியம் அசையவில்லை.

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. "வாத்தியாரே, புள்ளி நோட்டு எங்கீங்க?"

பைக்குள் இருந்தது. அம்மாவுக்குக் காட்டக் கொண்டுபோயிருந்தார்.

"அது இருந்தாப் போதும், மொத்தமும் திரும்பி வரும்னு சொன்னீங்கல்ல. உங்க ஆராய்ச்சி நெசமா பொய்யான்னு இப்பப் பாத்தர்லாம், எந்திரிங்க."

வாத்தியார் எழுந்தார். எழுந்த வேகத்தில் ஒரு செருப்பு டப்பாவுக்கு அடியிலேயே நின்றுவிட்டது.

ஆயுதமெல்லாம் பூஜையில் வைத்தாகிவிட்டது, எதையும் தொட முடியாது. குறடு இல்லை, ஹைட் கேஜ் இல்லை, பித்தளைக் கேஜும் சந்தனப் பொட்டோடு சாமி முன்னால் உட்கார்ந்திருந்தது. வெறும் கை. நான் நாலு விரலை நீட்டினேன். அதுதான் கேஜ். மில் நூலை அந்த அளவுக்கு முடிச்சுப் போட்டுப் போட்டு சரசு துண்டாக்கினாள். கத்தியும் பூஜையில் இருந்ததால் பல்லாலேயே கடித்தாள். பெயின்டில் நம்பரெல்லாம் மறைந்திருந்தாலும் என் கீறல் மறையவில்லை. அதிலிருந்து எண்ணினோம். வாத்தியார் புள்ளியைப் படிக்கப் படிக்க, எந்த நட்டு எதைத் தொட வேண்டுமோ அந்த இரண்டையும் நூலால் கட்டி இழுத்தோம். ஒரு பக்கம் ரங்கன், இன்னொரு பக்கம் பழனி.

"மொதலாளி, நூத்தி இருவத்தேழைக் கொஞ்சம் தாழ்த்தச் சொல்லுங்க அவனை."

"மொதலாளி, ஆறை மொதல்ல திருப்பச் சொல்லுங்க அவனை."

"திருப்பிப்போட்டேன்னு சொல்லுங்க."

"பாத்தாத் திருப்பின மாதிரி இல்லைன்னு சொல்லுங்க."

இருட்டும்வரை கட்டினோம். மறுநாள் விடிந்ததும் மறுபடி தொடங்கினோம். என்ன சொல்வது, கட்டக் கட்ட அந்தக் கம்பி தானாக மடங்கி வந்தது. ஒரு நூலை இழுத்தால் எதிர்பாராத இடத்தில் இன்னொரு ஜோடி வந்து ஒட்டும். மத்தியானத்துக்குள் பலாப்பழம் திரும்பி வந்துவிட்டது. நாலு விரலை வைத்து நானே நூறு இடத்தில் சோதித்தேன். எல்லாம் நோட்டில் உள்ளபடி. வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் மட்டும் அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். மூக்கு அரித்தது.

"வாத்தியாரே, சொன்னாக் கோவிச்சுக்கப்படாது. மொதல்ல செஞ்சது வலது மரைங்க. இது அத்தனையும் இடது மரை."

வாத்தியார் குனிந்து பார்த்தார். ஒவ்வொரு சுருளாக விரலால் தொட்டுக்கொண்டே போனார்.

"கண்ணாடி..." என்றார். "கண்ணாடில தெரியற உருவம் வந்திருக்குதுங்ணா. வலது கையும் இடது கையும் மாதிரி. ரெண்டுத்துலயும் அதே விரல் அதே விரலுக்குத்தான் பக்கம். எது எதைத் தொடுதுன்னு என்ற நோட்டு சொல்லும். எந்தக் கைன்னு அது சொல்லாதுங்க."

மறுநாள் பத்து மணிக்குத் தேர்வு.

"எந்தக் கைன்னு நான் சொல்றேன். பிரிங்கடா" என்றேன்.

இந்தத் தடவை முதலில் சுருள்கள். சுற்றுவதற்கு ஒரு உருளை வேண்டும். வாசலில் பூஜைக்குக் கட்டியிருந்த வாழைக்கன்றுகளில் ஒன்றின் தண்டு அந்த அளவுக்குக் கச்சிதமாக இருந்தது. அதன்மேல் சுற்றினேன். சுற்றுக்குச் சுற்று ஐந்தரை சென்டிக்குக் கொஞ்சம் குறைவான பிட்ச், ஒரு சுற்றுக்கு மூன்றரை நட்டு, வலது மரை. நூறு மிஷின் இருந்தாலும் அப்படிச் சுற்றமுடியாது. சுருள்கள் முடிந்ததும் மற்ற நூல்களை வேகமாகக் கட்டினார்கள். நான் வாழைத்தண்டிலிருந்து கடைசிச் சுருளை உருவிக்கொண்டிருந்தபோது பின்னால் பேச்சுக் கேட்டது.

"டேய், நூத்தி இருவத்தேழை அப்பிடியே புடி. நான் ஆறைக் கொண்டாறேன்."

"வா வா. இன்னும் ரெண்டு விரக்கடை. ஆங், கட்டுடா."

திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நிறுத்திவிடுவார்களோ என்று பயம். சாயங்காலம் மறுபூஜைக்குக் கற்பூரம் காட்டும்போது, ஆயுதங்களுக்கு நடுவே அந்தப் பலாப்பழமும் உட்கார்ந்திருந்தது.

மறுநாள் மாடலை மடியில் வைத்துக்கொண்டு நானும் கல்லூரிக்குப் போனேன். யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து கேட்கலாம் என்றார்கள். கடைசி வரிசையில், பூஜைக்கு எடுத்த புது வேட்டியோடு உட்கார்ந்தேன். எல்லாம் இங்கிலீஷ். வாத்தியார் நன்றாகத்தான் சொன்னார், அவர் குரலே காட்டியது. அப்புறம் அந்த வெளியூர்த் தேர்வாளர் ஒரு கேள்வி கேட்டார். கேட்கும்போது இரண்டு கைகளையும் தூக்கி, உள்ளங்கையும் உள்ளங்கையும் எதிரெதிராகக் காட்டினார். வலது, இடது.

இங்கிலீஷ் தெரியாதவனுக்கும் அந்தக் கேள்வி விளங்கியது. வாத்தியாருடைய வேலையும் சோறும் அந்த இரண்டு கைகளுக்கு நடுவில்தான் தொங்கியது.

வாத்தியார் மாடலைப் பார்த்தார். அப்புறம் சிரித்தார். தமிழிலேயே சொன்னார்:

"இந்தக் கேள்வியை நேத்து மத்தியானமே அவரு கேட்டுப்போட்டாருங்க." விரல் கடைசி வரிசையைக் காட்டியது. பிறகு மாடலைத் தூக்கி, சுருளைக் காட்டி, இங்கிலீஷுக்குத் திரும்பி என்னென்னவோ விளக்கினார். தேர்வாளரின் தலை மெல்ல மெல்ல ஆடத் தொடங்கியது. அது எங்கள் ஊர் ஆட்டம்தான். சரி என்ற ஆட்டம்.

முடிந்ததும் அவர் நேராக என்னிடம் வந்தார். "நீங்க எந்தத் துறைங்க?"

"மரை வெட்டற துறைங்க" என்றேன்.

அன்றைக்கு முட்டை வாத்தியார் டாக்டரானார். நான் இல்லாவிட்டால் ஆகியிருக்க முடியாது என்பதை அவரே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறார். நானும் ஒரு நானூறு பேரிடம் சொல்லியிருப்பேன். என் ஆட்கள்தான் அந்த மாடலை நேராக்கினார்கள் என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. நானும் அதை இன்றைக்குத்தான் முதல்முதலாக வெளியில் சொல்கிறேன்.

அடுத்த வருஷமே வேறு ஊரில் நிரந்தர வேலை கிடைத்துப் புறப்பட்டுவிட்டார். மாடல் கல்லூரியின் கண்ணாடி அலமாரிக்குப் போனது. அறையைக் கூட்டப் போன சரசு, புள்ளி நோட்டு அலமாரியில் கிடக்கிறது என்று கொண்டுவந்தாள். மறந்துவிட்டாரா, வைத்துவிட்டுப் போனாரா தெரியவில்லை.

புரட்டிக்கொண்டே போனேன். கடைசிப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம். மேலே ஒன்றிலிருந்து ஒன்பது வரை. பக்கவாட்டிலும் ஒன்றிலிருந்து ஒன்பது வரை. பெயர் ஒன்றுமில்லை, பட்டறைக்கு வந்து சேர்ந்த வரிசை நம்பர்தான். மூன்றும் நான்கும் சந்திக்கிற கட்டம் மாதக்கணக்காக வெறுமையாக இருந்திருக்க வேண்டும். அங்கே ஒரு புதுப் புள்ளி, பக்கத்தில் பொடி எழுத்தில் விஜயதசமித் தேதி.

அப்புறம் மேல் மூலையைப் பார்த்தேன். ஒன்றும் ஒன்பதும் சந்திக்கிற இடம். வரிசையில் பார்த்தால் நடுவே ஏழு பேர். அந்த ஒரு கட்டத்தில் மட்டும் பேனாவை அழுத்தி அழுத்தித் தாள் பொத்துப்போகிற அளவுக்குப் பெரிதாக ஒரு புள்ளி வைத்திருந்தார்.

ஐந்தாம் வகுப்போடு நின்றவன்தான் நான். அந்தப் பக்கத்தைப் படித்துச் சொல்ல யாரையும் கூப்பிடவில்லை.